கதிரவனைக் காணும் வகை
(உடுமலைப்பேட்டையில் தலைமையாசிரியர்கள், மகளிர் குழுவினர், ஊர்ப் பெரியோர்கள் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் பேச எழுந்தால் குடிநீர்க் குழாயும் வீட்டு வரியுமே பேச்சாக இருக்கும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று அவற்றை ஒருபுறம் வைத்துவிட்டுக் கதிரவனைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விழைகின்றோம்.

வானத்தைப் பார்ப்பது நம் வட்டாரத்துக் குடியானவர்களுக்குப் புதியதன்று. விடிவெள்ளி முளைக்கும் நேரத்தை அறிந்து எழுந்து, கவலை பூட்டி, வெயில் ஏறுமுன் வயலுக்கு நீர் பாய்ச்சியவர்கள் நம் பாட்டனார்கள். அவர்களிடம் கடிகாரம் இல்லை. நம்மிடம் கடிகாரம் இருக்கிறது. விடிவெள்ளி எத்திசையில் எழும் என்று கேட்டால்தான் விழிக்கின்றோம்.

1995ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் வடஇந்தியாவில் முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. நம் பக்கத்தில் அது பகுதிக் கிரகணம். அப்போது பள்ளி மாணவராயிருந்த நாம் கதவடைத்த வீட்டினுள் அமர்த்தப்பட்டோம். முற்றத்தில் தாம்பாளத்து நீரில் உலக்கை நிறுத்தப்பட்டிருந்தது. (அடி சமமாயுள்ள உலக்கை எந்நாளும் நிற்கும் என்பதைப் பின்னர் நாமே நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.) அவ்வாண்டு அரையாண்டுத் தேர்வில் கிரகணத்தைப் படம் வரைந்து விளக்குக என்ற வினா வந்தது. விளக்கினோம், ஐந்துக்கு ஐந்து பெற்றோம். தலைக்குமேல் நிகழ்ந்ததைக் காணாதவனுக்கு முழு மதிப்பெண்! அன்று பெருமையாகத்தான் இருந்தது.

2019ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வளையக் கிரகணம் நம் கொங்கு நாட்டின் மீதே சென்றது. நிலவு சற்றுத் தொலைவிலிருந்தமையால் கதிரவனை முழுதும் மறைக்க இயலாமல், விளிம்பில் ஒளிவளையம் எஞ்சி நின்றது. மறுநாள் 27ஆம் தேதி ஊரக உள்ளாட்சித் தேர்தலின் முதற்கட்ட வாக்குப்பதிவு. ஒன்றிய அலுவலகத்தில் வாக்குப் பெட்டிகளுக்கும் படிவங்களுக்கும் நடுவே நாம் தலைநிமிர நேரமின்றி இருந்தோம். காலை ஒன்பதரை மணியளவில் அலுவலக உதவியாளர் ஒருவர் வந்து, “ஐயா, வேம்படியைப் பாருங்க” என்றார். மரத்தடி மண்ணெங்கும் நூற்றுக்கணக்கான ஒளிவளையங்கள் சிதறிக் கிடந்தன. இலைகளுக்கிடையே உள்ள ஒவ்வொரு சிறு இடைவெளியும் கதிரவனின் பிம்பத்தைத் தரையில் வீழ்த்தியிருந்தது. தேர்தற் பணிக்கு வந்திருந்த ஆசிரியர்கள் கோப்புகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தனர். வானத்தை அண்ணாந்து பாராமலே, ஒரு காசும் செலவின்றி, யாவரும் கிரகணத்தைக் கண்டோம்.

ஆயின் அதே காலையில் வேறொன்றும் நிகழ்ந்தது. தேர்தல் முடிந்த சில நாட்களில் ஒரு தாய் தம் மகனை அழைத்துக்கொண்டு வந்தார். ஏழாம் வகுப்பு மாணவன். எட்டாம் வகுப்பில் எழுதவேண்டிய மத்திய அரசின் படிப்புதவித் தேர்வுக்கு அப்போதே பயிலத் தொடங்கியிருந்தான். வென்றால் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். எக்ஸ்ரே படத் துண்டு ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு கிரகணத்தை உற்றுப் பார்த்திருக்கிறான். அதன்பின் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் நடுவிலுள்ள எழுத்து மங்கி மறைகிறது என்றான். படிக்க முடியவில்லை என்று தெரிந்தால் வீட்டார் வருந்துவர் என அஞ்சிப் பல நாள் சொல்லாமலே இருந்தானாம். விழித்திரை வெந்துவிட்டது என்றார் கண் மருத்துவர். ஓரளவே பார்வை மீண்டது.

அப்பையனிடம், “கிரகணம் எப்படி உண்டாகிறது?” என்று கேட்டோம். கதிரவன், நிலவு, பூமி மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வருதல் என்று தடையின்றி ஒப்பித்தான். விடை சரியே. ஆனால் விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை, ஆகவே அது கருகும்போது வலிக்காது என்பதை அவனுக்குச் சொல்லியவர் எவருமில்லர். அது வினாத்தாளில் வருவதில்லை!

போட்டித் தேர்வுகளை நாம் பழிக்கவில்லை. ஒரு போட்டித் தேர்வே நம்மை இந்த நாற்காலியில் அமர்த்தியது. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைக்கு அதைவிட நேர்மையான வாயில் வேறு எது என்றும் அறியோம். மாநிலத் தரவரிசை வெளியிடும் வழக்கத்தை அரசு 2017ஆம் ஆண்டில் நிறுத்தியது. எனினும் ஊர் முகப்பில் மதிப்பெண் பதாகை கட்டும் வழக்கத்தை நாம் நிறுத்தினோமில்லை. இரவு பதினொரு மணிவரை விடுதி விளக்கின்கீழ் அமர்ந்து படிக்கும் பிள்ளை, வெளியே வந்து பத்து நிமிடம் வானத்தைப் பார்த்தால் பத்து நிமிடம் வீணாயிற்று என்று கணக்கிடுகின்றோம்.

கிணத்துக்கடவுக்கு அருகேயுள்ள கோதவாடி நமக்கு அயலூர். அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரின் மகன் மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சியிலும் கோவையிலும் பயின்று 1982ஆம் ஆண்டு இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார்; 2008ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் ஏவப்பட்ட சந்திரயான்-1 திட்டத்தை இயக்கினார். நிலவில் நீர் உண்டென்பதை உலகம் ஒப்புக்கொள்ள அக்கலம் துணைநின்றது.

கிழக்கே தெரியும் பழனி மலைத்தொடரைப் பாருங்கள். அதன் மேலே கோடைக்கானலில், 1901ஆம் ஆண்டு முதல் கதிரவனை ஆராய்ந்துவரும் ஆய்வுக்கூடம் உள்ளது. 1909ஆம் ஆண்டில் எவர்ஷெட் என்பார் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை அங்கேதான் கண்டறிந்தார். அக்கூடம் எழுந்த காரணம் பலர் அறியாதது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திற்குப் பின், கதிரவனை ஆராய்ந்தால் மழையின் போக்கு விளங்கலாம் என்று எழுந்த எண்ணமே அதற்கு ஒரு வித்து. பட்டினியால் மாண்டவர்களை எண்ணித் தொடங்கிய வானியல் அது.

மழையின் போக்கை இன்று செயற்கைக்கோள்கள் காட்டுகின்றன. 2024 பிப்ரவரி 17ஆம் நாள் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ் அதற்கெனவே அமைந்தது. திருமூர்த்தி மலைமேல் மழை கொட்டும்போது கீழே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். நீர் மட்டும் திடீரெனப் பஞ்சலிங்க அருவியில் வந்திறங்கும். அமராவதி அணையில் உபரிநீர் திறக்குங்காலும் கரையோர ஊர்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுகிறது. எச்சரிக்கை கைபேசிக்கு நொடியில் வந்துவிடும். கைபேசியோ மகனுடன் வெளியூரில் இருக்கும். ஆடு மேய்க்கும் தாய் ஆற்றங்கரையில் இருப்பார். ஆகவே செய்தி வந்தவுடன் கரைக்குச் சென்று குரல் கொடுப்பவர் யார் என்று மகளிர் குழுக்கள் ஊருக்கு இருவரைக் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கின்றோம். மழைக்காலத்துக்கு முன்பே பெயர்கள் வேண்டும்.

தலைமையாசிரியர்களுக்கு மற்றொரு வேண்டுகோள். 2031ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் மீண்டும் ஒரு வளையக் கிரகணம் கேரளத்தையும் தென்தமிழ்நாட்டையும் கடந்து செல்லும். உடுமலையிலும் கதிரவனின் பெரும்பகுதி மறையும். அப்போது கோடை விடுமுறை. பிள்ளைகள் நம் பார்வையில் இரார். எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி, புகை பிடித்த கண்ணாடித் துண்டு, சாணம் கரைத்த நீர் இவை எவையும் காவலாகா என்பதை இப்போதே சொல்லித் தரவேண்டும். நேரே நோக்குவதற்கு ஐ.எஸ்.ஓ. 12312-2 என்ற தரக்குறி உடைய கண்ணாடி தேவை. கீறல் விழுந்திருந்தால் அதுவும் உதவாது.

கையில் ஒன்றுமில்லாதவர்க்கும் வழி உண்டு. சிறிய முகம்பார்க்கும் கண்ணாடியைக் காகிதத்தால் மூடி, நடுவில் சிறு துளையிட்டு, கதிரவன் ஒளியை நிழலிலுள்ள சுவரில் வீழ்த்துங்கள். பத்து மீட்டர் தொலைவில் ஏறக்குறைய ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில் கதிரவன் தெரியும். துளை சதுரமாயிருந்தாலும் பிம்பம் வட்டமாகவே விழும். ஏனென்று பிள்ளைகளையே கேளுங்கள். கண்ணாடியில் நேரே எவரும் பார்க்கலாகாது, சுவரைத்தான் பார்க்கவேண்டும்.

அத்தகைய கண்ணாடி ஒன்றைச் செய்து கொணர்ந்திருக்கின்றோம். வெயில் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். தேநீர் அருந்தியபின் யாவரும் வடபுறச் சுவரருகே வாருங்கள்.