காவிரிக் கரையில் ஒரு கச்சேரி அரங்கம் கட்டினால்?

இன்னைக்கு ஒரே கேள்விதான். தஞ்சாவூர்ப் பக்கம் காவிரிக் கரையில ஒரு நவீன இசை அரங்கம் கட்டினா, அது எப்படி இருக்கணும்?

வெளியூர்ல என்ன பண்ணியிருக்காங்கன்னு முதல்ல பார்ப்போம். சிங்கப்பூர் எஸ்பிளனேட், 2002-ல் மரினா விரிகுடா ஓரத்தில் திறந்தது. கூரை முள்ளு முள்ளா இருக்கிறதால ஊர்க்காரங்க வச்ச பேரு டுரியான். உள்ளே பெரிய கச்சேரிக்கு டிக்கெட் வேணும். வெளியே தண்ணியோரத் திறந்த மேடையில இலவச நிகழ்ச்சி. அடுத்து ஆஸ்லோ ஓபரா ஹவுஸ், 2008. வெள்ளைப் பளிங்குக் கூரை அப்படியே சரிஞ்சு வந்து தண்ணியைத் தொடும். அதுமேல யார் வேணும்னாலும் நடக்கலாம். ஆக, டிக்கெட் வாங்காதவங்களுக்கும் அந்தக் கட்டடத்துல இடம் இருக்கு.

இதை நாம கடன் வாங்கணுமா என்ன? திருவையாறு இருக்கே! 1847-ல் தியாகராஜர் மறைந்த ஊர். வருஷா வருஷம் காவிரிக் கரையில பந்தல் போட்டு ஆராதனை. தரையில உட்கார்ந்து கேட்கலாம். பஞ்சரத்ன கீர்த்தனை ஆரம்பிச்சா நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து பாடுவாங்க. மேடை எங்கே முடியுது, கூட்டம் எங்கே தொடங்குதுன்னு சொல்றது கஷ்டம்.

ஆனா பந்தலுக்குச் சுவர் இல்லைங்கிறதுக்காக எல்லாருக்கும் இடம் கிடைச்சிடல. ஒரு காலத்தில் அங்கே பெண்கள் பாடக்கூடாது. தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள், 1920-களில் சொந்தப் பணத்தைப் போட்டு தியாகராஜர் சமாதியில கோயில் எழுப்பினாங்க. கட்டினவங்களுக்கே பாட இடமில்லை! அவங்க பெண்களைத் திரட்டித் தனியா ஆராதனை நடத்தினாங்க. பிரிஞ்சிருந்த கோஷ்டிகள் 1940-களின் தொடக்கத்தில்தான் ஒண்ணாச்சு. அதனால ஆர்க்கிடெக்ட் போடுற வாசல் பாதி வேலைதான். யாரை உள்ளே விடுறதுங்கிற விதிதான் மீதி.

இப்போ இன்ஜினியரிங். முதல் சிக்கல் ஆறு. மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவாங்க. சில மாசம் வெள்ளம், சில மாசம் வெறும் மணல். கண்ணாடிச் சுவர் வச்சு 'ரிவர் வியூ'ன்னு வித்தா, கோடையில மணலைத்தான் பார்க்கணும். நம்ம படித்துறைக்கு இந்தப் பிரச்சனையே கிடையாது. தண்ணி எந்த மட்டத்துல இருந்தாலும் உட்கார ஒரு படி இருக்கும். அரங்கத்தை மேட்டுல வச்சு, ஆறு வரைக்கும் படிகளை இறக்கினா, அதுதான் நம்ம ஆஸ்லோ கூரை.

ரெண்டாவது ஒலி. சிம்ஃபொனி அரங்குகள்ல ஓசை அடங்க ஏறக்குறைய ரெண்டு விநாடி ஆகிற மாதிரி கட்டுவாங்க. ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அது அழகு. அதே அரங்கத்துல மிருதங்கம் வேகமா வாசிச்சா சொல்லுக்கட்டு ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் குழம்பும். நமக்கு அதைவிடச் சீக்கிரம் அடங்கணும். அதனால வெளிநாட்டு டிசைனை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ண முடியாது.

கடைசியா ஒரு டெஸ்ட் கேஸ். நடவு முடிச்சு, கால்ல சேறோட ஒரு அக்கா வர்றாங்க. கால் கழுவ ஒரு குழாய், உட்கார ஒரு திண்ணை, காதுல விழ ஒரு ராகம். வாசல்ல யாரும் "என்ன வேணும்?"னு கேட்கக்கூடாது. இதுல பாஸ் ஆகாத டிசைனுக்கு எத்தனை விருது கொடுத்தாலும் என் ஓட்டு இல்லை.

உங்க ஊர் ஆத்தங்கரையில எங்கே கட்டலாம்? யோசிச்சு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.