ஊசி குதிக்கிறதா? தரையைப் பாருங்கள்!



பழைய இசைத்தட்டுகளைப் பெட்டியிலிருந்து எடுத்து மீண்டும் கேட்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த வீடுகளில் பாட்டு தொடங்கியதும் ஒரு சட்டமும் அமலுக்கு வந்துவிடும்: யாரும் நடக்கக்கூடாது! ஓடிவரும் பேரப்பிள்ளைக்கு அதட்டல். தேநீருடன் வரும் அம்மாவுக்குக்கூட ஒரு முறைப்பு.

ஊசி குதிக்காமலிருக்க அதைத் தாங்கும் கையின் நுனியில் 20 காசு நாணயத்தை ஒட்டிவிடுபவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஊசி தட்டின்மேல் அழுத்த வேண்டிய பாரம் பெரும்பாலும் 2 கிராம் அளவுதான். நம் மலேசிய 20 காசோ 4 கிராமுக்கும் மேல்! ஏறக்குறைய மூன்று மடங்கு பாரம் ஏறிவிடுகிறது. அப்பா ஆசையாக வாங்கி வைத்த தட்டில் தடம் தேய்ந்தால் தேய்ந்ததுதான்.

பினாங்கு, ஈப்போ பக்கத்துப் பழைய கடைவீடுகளின் மேல்மாடியை நினைத்துக்கொள்ளுங்கள். இருபுறமும் செங்கல் சுவர். இடையே மர உத்திரங்கள், அவற்றின்மேல் பலகை. அறை நடுவில் ஒருவர் கால் வைத்தால் பலகை தாழ்ந்து எழும்பும். ஊசி தாங்கும் கைக்கும் வினாடிக்கு 8 முதல் 12 முறை ஆடும் இயல்பு உண்டு. தரையின் ஆட்டம் அதை நெருங்கும்போது கை எகிறிவிடுகிறது.

பலர் உடனே கருவிக்கு அடியில் ஸ்பாஞ்சு, ரப்பர் என்று செருகுகிறார்கள். அவையும் ஏறக்குறைய அதே வேகத்தில் ஆடக்கூடியவை. சில வேளைகளில் நோயை வளர்த்துவிடும். 1961இல் அமெரிக்காவின் எட்கர் வில்ச்சர், தட்டையும் கையையும் ஒரே சட்டத்தில் பொருத்தி ஸ்பிரிங்குகளில் மிதக்கவிட்டார். கெட்டியான தரையில் அருமையான ஏற்பாடு. ஆடும் பலகைமேல் அத்தகைய கருவியும் ஊஞ்சலாகிவிடும்.

ஆகவே, தரையை விட்டுச் சுவருக்குப் போங்கள். செங்கல் சுவரில் இரண்டு இரும்புத் தாங்கிகள், மேலே ஒரு பலகை, மட்டம் பார்த்துப் பொருத்தினால் போதும். பலகை வீடென்றால் சுவரும் சேர்ந்து ஆடும். அங்கே தூண் நிற்கும் மூலையே மேல். எந்த இடம் என்று ஐயமா? ஒரு குவளைத் தண்ணீரை அங்கே வைத்துவிட்டுப் பேரப்பிள்ளையை ஓடச் சொல்லுங்கள். (அன்றைக்காவது அவனுக்கு அனுமதி கிடைக்கட்டுமே!) தண்ணீர் அசையாத இடத்தில் கருவியை வையுங்கள்.

அடுக்குமாடி வீடுகளில் காங்கிரீட் தரை என்பதால் காலடித் தொல்லை குறைவு. அங்கே பாட்டோடு ஓர் உறுமல் கேட்டால் ஒலிபெருக்கியைப் பாருங்கள். கருவி இருக்கும் அதே அலமாரியில்தான் அதையும் வைத்திருப்பீர்கள். முதலில் அதை இறக்கி வையுங்கள்.