மடுகரைக்கு அடியில் ஒரு புள்ளிக் கோடு



நெல்லும் கரும்பும் விளைகிற, புதுச்சேரிப் பக்கத்து மடுகரையில் நின்று பாறையைப் பற்றிப் பேசுகிறேன். பாறை பார்க்க வேண்டுமென்றால் செஞ்சிப் பக்கம் போகவேண்டும் என்பீர்கள். உண்மைதான். ஆனாலும் நம் காலுக்குக் கீழேயும் அது இருக்கிறது. பழைய காயங்களோடு இருக்கிறது.

அந்தக் காயங்கள், அதாவது பாறை மடிவதும் முறிவதும், பெரும்பாலும் ஆழத்தைப் பொறுத்தவை. கீழே போகப் போக ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை சூடு கூடுகிறது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஆழத்தில் குவார்ட்ஸ் போன்ற கனிமங்கள் உருகாமலேயே, மிக மெதுவாக இளகி நகரும். அங்கே நெருக்குண்ட பாறை மடியும். மேலே, குளிர்ந்த பகுதியில், உடையும். உடைந்த பக்கங்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இடம் மாறினால் அதுதான் பிளவுப்பெயர்ச்சி.

மடிப்புக்குச் சேலத்துக் கஞ்சமலையைச் சொல்லலாம். அந்த மலையைச் சுற்றிவரும் காந்த இரும்புப் பட்டைகள் எல்லாப் பக்கத்திலும் உள்நோக்கிச் சாய்கின்றன. மொத்தத்தில் ஒரு நீண்ட கிண்ணம். புவியியலாளர்கள் வில்லியம் கிங்கும் புரூஸ் ஃபூட்டும் அந்த வட்டாரத்தை ஆராய்ந்து 1864இல் அறிக்கை வெளியிட்டார்கள். காந்த ஊசி, சாய்வுமானி, சுத்தியல், நடக்கக் கால்கள்: அந்தக் காலத்தில் இவற்றை வைத்தே படம் வரைந்தார்கள்.

நம் கரையின் கதை வேறு. இங்கே நடந்தது நெருக்கம் அல்ல, இழுப்பு. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் உடைந்து இந்தியா அண்டார்டிகாவை விட்டு விலகியபோது, வடகிழக்கு–தென்மேற்காகப் பிளவுகள் விழுந்தன. நிலம் துண்டு துண்டாகக் கீழே இறங்கியது. அந்தப் பள்ளங்களே காவிரிப் படுகை. கடல் உள்ளே வந்து படிவுகளை நிரப்பியது. 1862இல் புவியியலாளர் பிளான்ஃபோர்டு அந்தப் படிவுகளைப் பற்றி எழுதினார். அவற்றோடு நம் பக்கத்து வழுதாவூரின் பெயரும் புவியியல் நூல்களில் ஏறியது.

பாறையே தெரியாத இடத்தில் எப்படிப் படம் வரைவது? கிணறுகளைக் கேட்க வேண்டும். ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று போர்வெல்களில் ஒரே கருங்களிமண் பட்டை எத்தனை அடியில் வந்தது என்று தெரிந்தால் போதும். தரைமட்ட வேறுபாட்டைக் கழித்துவிட்டால் அந்தப் பட்டை எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்று கணக்கில் வந்துவிடும். ஒரு பாகைச் சாய்வு என்றாலும் ஒரு கிலோமீட்டரில் 57 அடி இறங்கிவிடும். நான்காவது போர்வெல்லில் கணக்குப்படி 180 அடியில் வரவேண்டிய களிமண் 300 அடியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடையில் பிளவு இருக்கலாம். அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. ஆற்றுப் படிவில் ஒரு களிமண் பட்டை பாதியில் தீர்ந்துபோவதும், ஆழத்தில் வேறொன்று தொடங்குவதும் சகஜம். ஐந்தாவது, ஆறாவது கிணறும் அதையே சொல்லவேண்டும்.

நிலவரைபடத்தில் எனக்குப் பிடித்தது அதன் நாணயம். கண்ணால் கண்ட பிளவுக்கு முழுக்கோடு. ஊகத்துக்கு விட்டுவிட்டுப் போகும் கோடு. மண் மூடியதற்குப் புள்ளிக் கோடு. எவ்வளவு தெரியும் என்பதைக் கோடே சொல்லிவிடுகிறது. 

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி வாக்கில் புதுச்சேரிக் கடலுக்கடியில் 5.5 என்ற அளவில் நிலம் நடுங்கியதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கண்டத்தின் ஓரங்களில் வரும் இத்தகைய நடுக்கங்களில் பெரும்பாலும் பழைய பிளவுகளே மறுபடி அசைகின்றன. நிலத்தடி நீர் ஓடுவதும் தடைபடுவதும்கூட இந்தச் சாய்வுகளையும் பிளவுகளையும் பொறுத்தவை.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் கொல்லையில் போர் போடும்போது, பத்தடிக்கு ஒருமுறை வெளியே வரும் மண்ணில் ஒரு கைப்பிடி எடுத்து வையுங்கள். அடி, நிறம், மணலா களியா என்பதை ஒரு நோட்டில் குறித்து, ஊர்ப் பள்ளியில் ஒப்படையுங்கள். மாணவர்கள் அவற்றைச் சேர்த்து வைக்கட்டும்.