மோதாமல் எழும் அதிர்ச்சி அலை
(மறுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



விண்வெளியைப் பற்றிப் பேச வந்தவன், பாடி ஜங்ஷனிலிருந்து தொடங்குகிறேன். காலை எட்டரை மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் வேகமா வர்ற வண்டியெல்லாம் ஓரிடத்தில் திடீரென்று நெருங்கி, ஊர்ந்து போகும். ஒன்றோடொன்று இடித்துக்கொண்டா வேகம் குறைகிறது? இல்லை. பிரேக் விளக்கும் ஹாரனுமே பின்னால் வருகிறவருக்குச் சேதி சொல்லிவிடுகின்றன.

விண்வெளியிலும் ஏறக்குறைய இதே கதைதான். சூரியனிலிருந்து புரோட்டான்களும் எலக்ட்ரான்களும் நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் வந்துகொண்டே இருக்கின்றன. இதுவே சூரியக் காற்று. பூமியின் காந்தப்புலம் குறுக்கே நிற்பதால், பூமிக்குச் சுமார் 90,000 கி.மீ. முன்னாலேயே அது சட்டென்று வேகம் குறைந்து, சூடேறி, அடர்த்தியாகிறது. ஒலியை விஞ்சிப் பறக்கும் விமானத்தின் முன்னால் எழும் அதிர்ச்சி அலை போலத்தான்.

ஆனால் ஒரு புதிர். நம் காற்றில் மூலக்கூறுகள் ஓயாமல் மோதிக்கொள்கின்றன. அதனால் அதிர்ச்சி அலை எழுகிறது. சூரியக் காற்றிலோ ஒரு கன சென்டிமீட்டரில் ஐந்தாறு புரோட்டான்கள்தான்! ஒரு துகள் இன்னொன்றை மோத, ஏறக்குறைய 15 கோடி கி.மீ. போக வேண்டும். அப்படியிருக்க, அது எப்படித் திடீரென்று வேகம் குறைகிறது?

பிளாஸ்மா அலைகளால்தான்! மின்னூட்டம் கொண்ட துகள்கள் தொடாமலே, மின்புலம், காந்தப்புலம் வழியாக ஒன்றையொன்று தள்ளும், இழுக்கும். அதிர்ச்சி முகப்பில் பட்டுத் திரும்பும் சில துகள்கள், எதிரே வரும் வெள்ளத்தினூடே பாயும்போது அலைகள் கிளம்புகின்றன. அவை துகள்களைக் குலுக்கி, ஒரே திசையில் ஓடிய வேகத்தை வெப்பமாக மாற்றுகின்றன. மோதல் செய்ய வேண்டிய வேலையை அலை செய்கிறது. எலக்ட்ரான்கள் எழுப்பும் அலை நொடிக்குச் சுமார் 20,000 முறை அதிரும். அதை ஒலியாக மாற்றினால், நம் காது கேட்கும் எல்லையில் இருக்கும்.

சூரியக் காற்று என்ற கருத்தையே முதலில் பலர் ஏற்கவில்லை. 1958-ல் யூஜின் பார்க்கர் எழுதிய கட்டுரையை மதிப்பீட்டாளர் இருவரும் நிராகரித்தனர். இதழாசிரியர் யார் தெரியுமா? நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த எஸ். சந்திரசேகர்! அவருக்கும் அதில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் கணக்கில் தவறு காட்ட யாராலும் முடியவில்லை என்பதால் வெளியிட்டார். 1962-ல் மாரினர் 2 விண்கலம் அதை உறுதி செய்தது.

இது வெறும் ஏட்டுப் படிப்பு அல்ல. சூரிய வெடிப்புகளும் இத்தகைய அதிர்ச்சி அலைகளைத் தள்ளிக்கொண்டு வரும். 1989 மார்ச் 13-ல் சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் சுமார் 60 லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தனர். பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவில் நின்று அந்தக் காற்றை அளக்கவே, 2023 செப்டம்பர் 2-ல் நம் ஆதித்யா எல்-1 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அப்போது அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி.

மாணவர்களே, அதிர்ச்சி முகப்பில் எலக்ட்ரானுக்கு எவ்வளவு வெப்பம், புரோட்டானுக்கு எவ்வளவு என்ற பங்கீடு இன்னும் முழுதாக விளங்கவில்லை. ஆதித்யாவின் அளவீடுகளை 2025 ஜனவரியில் இஸ்ரோ பொதுவில் வெளியிட்டது. ஆவடியில் உட்கார்ந்தபடியே நீங்களும் ஆராயலாம். பெரியவங்க நம்பலைன்னு ஒதுங்கிடாதீங்க. கணக்கைச் சரியாப் போடுங்க!