பந்து வர முன்னமே



யாழ்ப்பாணக் கரையோர ஊரான மயிலிட்டியின் சனம் 1990 ஜூனில் போரால் ஊரை விட்டு வெளியேறியது. துறைமுகமும் அதைச் சுற்றிய காணிகளும் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில். இந்த 27 ஆண்டுகளில் ஒரு தலைமுறை முழுவதும் நலன்புரி முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் வளர்ந்தது. விடுவிக்கப்படாத காணிகள் இன்னும் இருக்கின்றன. மீளக் குடியேறிய இடங்களில் பிள்ளைகள் உதைபந்தோடு இறங்கும்போது, "முழு மைதானம் இல்லையே" என்று பெரியவர்கள் கவலைப்படுகிறார்கள். இளைஞர்களுக்கு மைதானம் கட்டாயம் வேண்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்குச் சின்ன இடம்தான் நல்லது.

கணக்குப் பாருங்கள். 60 நிமிட ஆட்டத்தில் 22 பேர் ஆடினால், பந்து ஒரு நொடிகூட நிற்காவிட்டாலும் ஆளுக்கு மூன்று நிமிடம் தேறாது. அணிக்கு 4 பேர் என்றால் ஆளுக்கு ஏழரை நிமிடம். அதைவிட முக்கியம், ஒவ்வொரு முறையும் எதிராளி பக்கத்திலேயே நிற்பான். குடுப்பதா, வெட்டி எடுப்பதா, அடிப்பதா? உடனே முடிவெடுக்க வேண்டும். பிரேசிலின் பெரிய வீரர்கள் பலர் உள்ளரங்கச் சிறு மைதானத்தில் இப்படித்தான் ஆடி வளர்ந்தார்கள்; பார்சிலோனாக் கழகத்தில் ஒரு வட்டத்துக்குள் இருவரை நிறுத்தி மற்றவர்கள் பந்தைப் பரிமாறிப் பழகுவதும் இதற்காகத்தான்.

உடனே முடிவெடுக்க வேண்டுமென்றால் முதலே பார்த்திருக்க வேண்டும். நோர்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், இங்கிலாந்து பிரீமியர் லீக் வீரர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தவர். பந்து காலுக்கு வர முன்னமே தலையைத் திருப்பிச் சுற்றுமுற்றும் அடிக்கடி பார்ப்பவர்களின் பாஸ்கள்தான் கூடுதலாகச் சரியான ஆளிடம் போயிருந்தன. இதைப் பழக்கலாம். பந்து பிள்ளையை நோக்கி உருளும்போது பயிற்றுநர் பின்னால் நின்று விரல்களைக் காட்டட்டும். பிள்ளை திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுக்கட்டும். சோளகக் காற்று பலமாக வீசும் நாளில் பந்தை உயர்த்தாமல் நிலத்தோடு குடுத்து ஆடச் சொல்லுங்கள். கரையோரப் பிள்ளைக்கு அந்தக் காற்றும் ஒரு பயிற்சிதான்.

அடுத்தது, எங்களுடைய வாய். அணிக்கு ஏழு பேர் ஆடும் எங்கள் ஊர்த் தொடர்களில் கோட்டுக்கு வெளியே நின்று "அடியடா, குடடா!" என்று கத்துகிறோம். பிள்ளை யோசிக்க வேண்டியதை நாங்கள் யோசித்துவிடுகிறோம். கட்டளைக்கு ஆடிப் பழகியவன், கட்டளை கேட்காத இடத்தில் தடுமாறுவான். பிழையாகக் குடுத்தால் ஏசாதீர்கள். ஆட்டம் நின்ற பிறகு, "தம்பி, உனக்குப் பின்னால ஆர் நிண்டது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால், அடுத்த முறை அவன் கட்டாயம் திரும்பிப் பார்ப்பான்.

பெண்பிள்ளைகளையும் சேருங்கள். பக்கத்துத் தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரிப் பெண்கள் அணி அகில இலங்கைப் போட்டிகளில் வென்று காட்டியிருக்கிறது.

கழகக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தொடரில் இறுதியாட்டத்துக்கு முன் அரை மணி நேரத்தை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தாருங்கள். அணிக்கு 4 பேர், சின்னப் பந்து, சின்னக் கோல் கம்பம். பார்க்க நிற்பவர்கள் கை தட்டலாம், கட்டளை போடக்கூடாது என்று ஒலிபெருக்கியில் முதலே அறிவித்துவிடுங்கள்.