இறங்கி வரும் வலிமை



பட்டமளிப்பு உரைகளில் மலையுச்சி பெரும்பாலும் உவமையாகவே வந்துபோகிறது. உச்சியை எட்டியவரின் பெயர் சொல்லப்படுகிறதே தவிர, அதற்காக அவர் தம் உடலையும் உள்ளத்தையும் பேணிய முறை சொல்லப்படுவதில்லை. மலையேற்ற வழிகாட்டி என்பவர் தம்மை நம்பி வருவோரை ஏற்றிச் சென்று உயிரோடு இறக்கிக் கொண்டுவருவதைத் தொழிலாகக் கொண்டவர் ஆதலால், அவருடைய உடல்நலம் அவருக்கு மட்டும் உரிய சொத்தாக இருப்பதில்லை. கயிற்றின் மறுமுனையில் இருப்பவரும் அதை நம்பியே அடியெடுத்து வைக்கிறார். உடல், உள்ளம், உறவு, வேலைச்சூழல் ஆகிய நான்கையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் முழுநலம் என்ற கருத்தை விளங்கிக்கொள்ள, டென்சிங் நோர்கேயின் தொழில்வாழ்க்கை நல்ல சான்றாக அமைகிறது.

1914இல் பிறந்த டென்சிங், பள்ளிப்படிப்பு ஏதுமின்றி, பிழைப்புத் தேடி டார்ஜிலிங்குக்கு வந்த ஷெர்பா இளைஞர். ஷெர்பா என்பது கிழக்கிலிருந்து வந்தவர் என்ற பொருளுடைய ஓர் இனப்பெயராகும். அவ்வினத்தார் பலர் மலைப்பயணங்களில் வேலை செய்ததால் அதுவே தொழிற்பெயர்போல வழங்கலாயிற்று. 1935இல் எரிக் ஷிப்டன் தலைமையிலான எவரெஸ்ட் பயணத்தில் சுமையாளாகச் சேர்ந்த அவர், 1936, 1938 ஆகிய ஆண்டுகளிலும் அதே மலைக்குச் சென்று, 1952இல் சுவிட்சர்லாந்துக் குழுவின் சர்தாராக உயர்ந்தார். சர்தார் என்பவர் சுமையாட்களைத் தேர்ந்தெடுத்து, கூலி பேசி, சுமையைப் பங்கிட்டு, நோயுற்றவரைத் திருப்பியனுப்பி, குழுவின் நடமாட்டம் முழுவதற்கும் பொறுப்பேற்கும் தலைமையாள். எட்மண்ட் ஹில்லாரியுடன் அவர் உச்சியில் நின்ற 1953 மே 29, அவர் எவரெஸ்ட்டுக்கு மேற்கொண்ட ஏழாவது பயணத்தில், முதல் பயணத்திலிருந்து 18 ஆண்டுகள் கழித்து வந்த நாள்.

அந்த உயரம் உடலை என்ன செய்கிறது என்பதை அறிந்தால்தான் வழிகாட்டியின் நலப்பேணல் விளங்கும். உச்சிக் காற்றிலும் ஆக்சிஜனின் பங்கு கடல்மட்டத்தில் உள்ள அதே 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைப்பது மிகக் குறைவு. மூச்சு வேகமாகி, நாட்கள் செல்லச்செல்லக் குருதியில் சிவப்பணுக்கள் பெருகி உடல் மெல்லப் பழகிக்கொள்வதை உயர இணக்கம் என்பர். அதற்கு நேரம் தருவதற்காகவே, 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது என்றும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும் என்றும் மலைமருத்துவம் வகுத்திருக்கிறது. ஆக்சிஜன் குறையும்போது மூளையும் மழுங்குகிறது. மழுங்கியதை மழுங்கிய மூளை உணராது என்பதால், உடல் வேறு, உள்ளம் வேறு என்ற பாகுபாடு அங்கே நிலைப்பதில்லை. பேச்சுக் குழறுகிறதா, நடை தள்ளாடுகிறதா, உணவு பிடிக்காமல் போகிறதா என்று உடன்வருபவரை வழிகாட்டி ஓயாமல் கவனிப்பது இதனால்தான்.

அந்த உயரத்தில் உடல் படும் பாட்டை 1952 மே மாத இரவொன்று காட்டுகிறது. சுவிட்சர்லாந்துக் குழுவின் ரேமோன் லாம்பேரும் டென்சிங்கும் சுமார் 8,400 மீட்டர் உயரத்தில், தூக்கப்பையோ அடுப்போ இல்லாமல் கூடாரத்தில் அடைந்து கிடந்தனர். வெறும் தகரக்குவளையில் பனிக்கட்டியை இட்டு, மெழுகுவத்திச் சுடரில் காட்டி, கரைந்த சில வாய் நீரைக் குடித்து, உறைந்துவிடாதிருக்க ஒருவரையொருவர் தட்டியும் தேய்த்தும் விடியும்வரை காத்திருந்தனர். மறுநாள் சுமார் 8,595 மீட்டர் வரை ஏறி, அதற்குமேல் போனால் திரும்ப முடியாது என்று கண்டு இறங்கினர். அடுத்த ஆண்டுக் குழுவில் இடம்பெற்ற உடலியல் அறிஞர் கிரிஃபித் பியூ, உயரத்தில் நிறைய நீர் அருந்த வேண்டும் என்று வலியுறுத்தியிருந்தார். 1953இன் கடைசி முகாமில் அடுப்பு எரிந்தது, சர்க்கரை கலந்த எலுமிச்சைப் பானம் தாராளமாகக் கிடைத்தது. வெற்றிக்கு அது ஒன்றே காரணம் என்று கொள்ள முடியாவிடினும், முந்தைய ஆண்டு இறங்க முடிவெடுத்திராவிட்டால் அந்த அடுப்பின் அருகே அமர டென்சிங் இருந்திருக்க மாட்டார்.

1953 பயணத்துக்கு முன்பு டார்ஜிலிங்கில் அவர் மேற்கொண்ட பயிற்சியும் எளிமையானதே. அதிகாலையில் எழுந்து, முதுகுப்பையில் கற்களை நிரப்பிக்கொண்டு ஊரைச் சுற்றியுள்ள மேடுகளில் ஏறி இறங்கினார்; மதுவையும் புகையையும் தவிர்த்தார்; தமக்கு மிகவும் பிடித்த விருந்துக் கூட்டங்களிலிருந்தும் விலகியிருந்தார். அந்தப் பயணத்தில் ஹில்லாரி பனிப்பிளவில், அதாவது பனியாற்றின் ஆழ்ந்த வெடிப்பில், விழுந்தபோது பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை இறுக்கிப் பிடித்துக் காத்தவர் டென்சிங்; கல் சுமந்த காலை நேரங்களின் பயன் இன்னொருவரின் உயிராக வந்து சேர்ந்தது.

1954 நவம்பரில் டார்ஜிலிங்கில் இமயமலை மலையேற்ற நிறுவனம் தொடங்கப்பட்டபோது, சுவிட்சர்லாந்தில் பயிற்றுமுறை கற்றுத் திரும்பியிருந்த டென்சிங் அதன் களப்பயிற்சி இயக்குநரானார். உலகின் உச்சியில் நின்றவர் அதன்பிறகு மாணவராக அமர்ந்து, தம் கைகளுக்குத் தெரிந்ததைப் பிறருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைக் கற்றார் என்பது பட்டம் பெறுவோர் எண்ணிப்பார்க்கத் தக்கது.

முழுநலத்தின் நான்காவது கூறாகிய வேலைச்சூழலைத் தனிமனித ஒழுக்கத்தால் மட்டும் சீராக்க இயலாது. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட்டின் கும்பு பனியருவியில் ஏற்பட்ட பனிச்சரிவில் மலைப்பணியாளர் 16 பேர் இறந்தபின், எஞ்சியோர் ஏற மறுத்து, காப்பீட்டையும் இழப்பீட்டையும் உயர்த்தக் கோரினர். பிறரின் வெற்றிக்காகச் சுமை தூக்குபவரின் உயிருக்கு உரிய மதிப்பு இல்லாத இடத்தில், எவ்வளவு மூச்சுப்பயிற்சியும் உணவுக்கட்டுப்பாடும் முழுநலம் ஆகிவிடாது.

இன்று பட்டம் பெறுவோர் நாளை மருத்துவமனையிலோ ஆலையிலோ அலுவலகத்திலோ ஒரு குழுவை நடத்தப்போகிறவர்கள். உடன்வருபவர் தலைவலிக்கிறது என்று சொல்லும்போது நின்று கேட்கவும், இலக்கு கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருந்தாலும் வேண்டுமானால் திரும்பவும் தெரிந்தவரே வழிகாட்டி எனப்படுவார். அத்தகையோராக விளங்க இவர்கள் அனைவருக்கும் வாழ்த்துகள்.