கொட்டகையில் கிடக்கும் விஷத்துக்கு யார் பொறுப்பு?

(அடி அண்ணாமலையில் விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூலி உயர்வைப் பற்றி மற்றத் தோழர்கள் பேசுவார்கள். நான் பேச வந்தது, கூலி வாங்க நாம் உயிரோடிருக்க வேண்டுமே, அதைப் பற்றி.

நம் பக்கத்துக் கழனிகளில் மோட்டார் கொட்டகைக்குள் போய் மூலையைப் பாருங்கள். துருப்பிடித்த டப்பா, லேபிள் உரிந்த புட்டி, எலி கடித்த பொட்டலம் கிடக்கும். மல்லாட்டைக்கு வாங்கியதா, நெல்லுக்கு வாங்கியதா, கரும்புக்கா? யாருக்கும் தெரியாது. வாங்கியவர் காலமாகியிருப்பார், நிலம் கைமாறியிருக்கும். ஒரு நாள் நிலக்காரர் வருகிறார். "இதையெல்லாம் வாரி ஏரியிலே போட்டுட்டு வா" என்கிறார். அவர் வீட்டுப் பிள்ளையா வாரும்? கூலிக்கு வந்தவன் வாருகிறான். வெறுங்கையால் வாருகிறான். அந்தக் கையாலேயே பீடி பற்ற வைக்கிறான். சோற்றுத் தூக்கைத் திறக்கிறான்.

இதற்கு நாம் வைத்திருக்கும் பெயர் என்ன? மருந்து! "மருந்தடிக்கப் போகிறேன்" என்கிறோம். தோழர்களே, இது மருந்தல்ல, விஷம். பெயர் தெரிந்த விஷத்துக்காவது டாக்டர் மாற்று மருந்து தேடுவார். பெயர் தெரியாத விஷத்துக்கு அவர் எதைத் தேடுவார்?

"பழசு, வீரியம் போயிருக்கும்" என்று சிலர் சொல்கிறார்கள். இது மிகவும் ஆபத்தான பேச்சு. 1976ஆம் ஆண்டு பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் தெளித்த தொழிலாளர்கள் 7,500 பேரில் சுமார் 2,800 பேர் விஷத்தால் பாதிக்கப்பட்டனர். குறைந்தது 5 பேர் மாண்டனர். சரக்கு இருப்பில் கிடந்தபோது அதற்குள்ளேயே அதைவிடக் கொடிய வேறொரு பொருள் உண்டாகியிருந்தது. வயதாக ஆக அந்த விஷத்துக்குப் பல் முளைத்தது! பலியானவன் யார்? தெளித்த தொழிலாளி.

வேறு சில விஷங்கள் மண்ணில் போட்டாலும் பல்லாண்டு சாவதில்லை. எண்ட்ரின் 1990லும், பி.எச்.சி. 1997லும், எண்டோசல்பான் 2011லும் நம் நாட்டில் தடை செய்யப்பட்டன. தடை காகிதத்தில் வந்தது. கொட்டகை மூலையில் கிடந்த டப்பாவை யார் வந்து எடுத்துப் போனார்கள்?

1958ஆம் ஆண்டு கேரளத்தில் நடந்ததைக் கேளுங்கள். கப்பலில் கோதுமை மாவு மூட்டைகளோடு பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியும் ஏற்றப்பட்டது. அது கசிந்து மாவில் இறங்கியது. அந்த மாவை உண்ட ஏழை எளியவர்கள் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் 1968ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. 1971ல் விதிகள் வந்தன. மிஞ்சிய விஷத்தையும் காலி டப்பாவையும் தண்ணீர் கெடாமல் அப்புறப்படுத்துவது தயாரிப்பவர், தெளிப்பை நடத்துபவர் கடமை என்கிறது விதி. காலாவதிச் சரக்கைக் கடைக்காரர் தனியே ஒதுக்கி, விற்பனைக்கல்ல என்று முத்திரை குத்தி வைக்கவேண்டும். ஏரியில் கொட்டு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

சரி, எரித்துவிடலாமா? போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பரில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்ற யூனியன் கார்பைடு ஆலை, பூச்சிக்கொல்லி ஆலைதான். அங்கே மிஞ்சிக் கிடந்த 337 டன் விஷக்கழிவை எடுத்துப் போக 40 ஆண்டு ஆயிற்று. 2025 ஜனவரியில் 12 மூடிய பெட்டகங்களில் ஏற்றிப் பீதாம்பூருக்குக் கொண்டுபோனார்கள். பிறகு தனி உலையில் எரித்தார்கள். இவ்வகைக் கழிவுக்கு ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூடும், புகையைக் கழுவும் சாதனமும் வேண்டும். சருகு போட்டு மூட்டும் நெருப்பில் விஷம் சாகாது. புகையாகி நம் நுரையீரலுக்குள் வரும்.

ஆகவே நாம் செய்யவேண்டியது என்ன?

மோந்து பார்க்காதீர்கள். திறக்காதீர்கள். ஒன்றோடு ஒன்றைக் கலக்காதீர்கள். கிணற்றிலோ ஏரியிலோ ஊற்றாதீர்கள், புதைக்காதீர்கள். தூளின் மேலும் மாத்திரையின் மேலும் தண்ணீர் விடாதீர்கள். நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையில் ஈரம் பட்டால் ஆளைக் கொல்லும் வாயு கிளம்பும்.

கசியாத டப்பாவை இருக்கும் இடத்திலேயே விட்டு, கொட்டகையைப் பூட்டச் சொல்லுங்கள். "விஷம், பெயர் தெரியாது" என்று பெரிதாக எழுதி மாட்டுங்கள். விதை, தீவனம், தவிட்டு மூட்டை எல்லாம் அங்கிருந்து வெளியேறவேண்டும். திரவம் கசிந்தால் எட்ட நின்று, காற்று வரும் பக்கமிருந்து மண்ணைப் போட்டு மூடிவிட்டு விலகுங்கள். தண்ணீர் புட்டியிலோ சோடாப் புட்டியிலோ விஷத்தை மாற்றவே கூடாது. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் நடக்கும் கிரிவலப் பாதை இது. காலிப் புட்டி பொறுக்கிப் பிழைக்கும் தாய்மார்களும் குழந்தைகளும் இங்கே இருக்கிறார்கள்.

மேலே பட்டுவிட்டால் துணியைக் களைந்து சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். வியர்த்துக் கொட்டினால், எச்சில் வடிந்தால், மூச்சு முட்டினால் உடனே 108க்குச் சொல்லுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். டப்பாவைப் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள்.

அரை ஏக்கர் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை கழனிக்குப் போகும் ஆலைத் தோழர்களே, உங்கள் கொட்டகைக்கும் இதே பேச்சுத்தான். சிறு விவசாயி நம் எதிரியல்ல. அவர் தலையில் இந்தச் செலவைக் கட்டவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. விற்று லாபம் எடுத்தவன் கம்பெனிக்காரன். விற்க அனுமதி கொடுத்தது சர்க்கார். அவர்களே வந்து எடுத்துப் போகட்டும்!

காலாவதியான பூச்சிக்கொல்லி அபாயகரக் கழிவு என்று 2016ஆம் ஆண்டு விதிகள் ஒப்புக்கொள்கின்றன. அப்படிப்பட்ட கழிவைக் கையாளும் நிலையம் கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. அங்கே ஆலைக் கழிவு போகிறது. கழனிக் கழிவு ஏன் போகக்கூடாது?

நம் கோரிக்கைகள் மூன்று. வேளாண்மைத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து, ஆண்டுக்கொரு முறையாவது ஊர் ஊராக வண்டி அனுப்பி இந்தச் சரக்கை எடுக்கவேண்டும். செலவைக் கம்பெனிகளிடம் வசூலிக்கவேண்டும். பயிற்சியும் கையுறையும் முகக்கவசமும் இல்லாத எந்தத் தொழிலாளியையும் இந்த வேலைக்கு ஏவக்கூடாது.

கிராம சபை நடக்கும் ஊர்களில் மே தினத்தன்றே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். மற்ற இடங்களில் மனுவாக எழுதி, நூறு கையெழுத்தோடு வேளாண்மை அலுவலகத்துக்குப் போங்கள். நாளைக் காலை "வாரிக்கொண்டு போய் ஏரியில் போடு" என்று யாராவது சொன்னால், ஒருவன் மட்டும் மறுத்தால் அவனுக்கு வேலை போகும். எல்லோரும் சேர்ந்து மறுத்தால் ஏரி பிழைக்கும்; நாமும் பிழைப்போம்.